கீபோர்டை ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் ஸ்பீக்கரில் ‘டப்’ சத்தம்: ஏன், என்ன செய்யலாம்?

ஏற்காட்டில் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் தம்பி கேட்டிருப்பது இதுதான். ஒரு வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய அனலாக் சின்த் (சின்தசைசர்) ஒன்று. இரண்டும் சின்ன மிக்சர் வழியாக, ஆம்ப் உள்ளேயே இருக்கும் இரண்டு பவர்டு ஸ்பீக்கருக்குப் போகின்றன. ஆன் செய்தால் ‘டப்’, ஆஃப் செய்தால் அதைவிடப் பெரிதாக ‘டம்’. கீபோர்டின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் குறையவில்லை. ஸ்டெபிலைசர் வாங்கு என்கிறார் ஒருவர், எர்த் சரியில்லை என்கிறார் இன்னொருவர், ஸ்பீக்கர் போய்விடும் என்று மூன்றாமவர் பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?

கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. சத்தம் எங்கே பிறக்கிறது, அதனால் எதற்காவது கேடு உண்டா, பெரிய செலவில்லாமல் நிறுத்த முடியுமா. சேலத்தில் கீபோர்டும் ஆம்ப்பும் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா நெருங்கும்போது ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ‘டப்’ சத்தப் புகார் இல்லாத வருடம் கிடையாது. அதில் பெரும்பகுதி பழுதே இல்லை. ஆன், ஆஃப் செய்யும் வரிசைதான் தவறு. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அந்தப் பழைய சின்த் ஒன்றைத் தவிர. அதைப் பற்றி அப்புறம் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் சத்தம் பிறக்கும் இடம். கீபோர்டின் கடைசிப் படியில், ஜாக்குக்குச் சற்று முன்னால், ஆப்-ஆம்ப் என்ற சின்ன ஐசி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெரும்பாலும் கூட்டல் 12 அல்லது 15 வோல்ட்டும், கழித்தல் 12 அல்லது 15 வோல்ட்டுமாக இரட்டை சப்ளை போகும். ஸ்விட்சைப் போட்டதும் இந்த இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். அந்தக் கண நேரத்தில் ஐசிக்குத் தன் வெளியீடு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டு, பிறகு நடுவுக்கு வரும். அதை அடுத்து இருக்கும் கெபாசிட்டர் நிலையான டிசி மின்னழுத்தத்தைத் தடுக்கும். ஆனால் திடீர்த் தாவலைத் தடுக்காது, அப்படியே கடத்திவிடும். காலையில் முனிசிபாலிட்டி தண்ணீர் வரும்போது குழாயில் முதலில் காற்று முட்டிக்கொண்டு இடிக்குமே, அது மாதிரிதான் இதுவும்: தண்ணீரில் குறை இல்லை, குழாய் நிரம்பும் நேரம் அது.

அந்த இடி எவ்வளவு பெரியது? தொழில்முறை மிக்சர்களில் வழக்கமான சிக்னல் அளவு 1.23 வோல்ட். ஆப்-ஆம்ப் சாயும்போது சில வோல்ட் வரை போக முடியும், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு. அதாவது நீங்கள் வாசிக்கும் எந்த ஸ்வரத்தையும்விடப் பெரிய சிக்னல். ஸ்பீக்கர் விழித்திருந்தால் அதைப் பெருக்கித்தான் கொடுக்கும். சங்கீதம் எது, தாவல் எது என்று அதற்குத் தெரியாது.

ஆஃப் செய்யும்போது ஏன் இன்னும் பெரிதாகக் கேட்கிறது என்றால், இரண்டு காரணம். சப்ளை இறங்கும்போதும் இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்குவதில்லை. அது மட்டுமல்ல, நல்ல கீபோர்டுகளில் இந்தத் தாவலை மறைக்க ஒரு ம்யூட் சர்க்யூட் இருக்கும். ஆன் ஆனதும் ஓரிரு நொடி வெளியீட்டைத் தரையோடு (கிரவுண்ட்) கட்டிப்போட்டு, எல்லாம் நிலைக்கு வந்த பிறகு விடுவிக்கும். அதே சர்க்யூட் ஆஃப் ஆகும்போது சப்ளை செத்துப்போவதற்கு முன் வேகமாக முந்திக்கொள்ள வேண்டும். விலை குறைந்த வடிவமைப்புகளில் அந்த வேகம் இருக்காது, சிலவற்றில் சர்க்யூட்டே இருக்காது. ரோலண்ட் கையேடுகளைப் பார்த்தால், வால்யூமைக் குறைத்து வைத்திருந்தாலும் ஆன், ஆஃப் செய்யும்போது ஏதாவது சத்தம் கேட்கலாம், அது பழுதல்ல என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார்கள். யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதிலேயே உங்கள் வால்யூம் சந்தேகத்துக்கும் விடை இருக்கிறது. இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் வால்யூம் திருகு அந்தக் கடைசி ஐசிக்கு முன்னால் இருக்கும், அல்லது உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ‘குறை’ என்று ஒரு கட்டளை மட்டும் போகும். தாவல் பிறப்பதோ அதற்குப் பின்னால். அதனால் கீபோர்டில் வால்யூமைக் குறைப்பது வாசலைத் தாண்டிய பிறகு கதவைச் சாத்துவதுபோலத்தான். குறைக்க வேண்டிய இடம் கீபோர்டுக்குப் பிறகு இருக்கும் மிக்சர்: அந்தச் சேனலின் ஃபேடரை (மேலும் கீழும் தள்ளும் வால்யூம் குமிழ்) இறக்குங்கள், அல்லது ம்யூட்டை அழுத்துங்கள்.

ஆனால் மிக்சருக்கும் இதே வியாதி உண்டு. அதுவும் ஆன் ஆகும்போது ஒரு ‘டப்’ கொடுக்கும். ஆகவே வரிசை இப்படி வர வேண்டும்: முதலில் கீபோர்டுகள், பிறகு மிக்சர், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது தலைகீழ்: ஸ்பீக்கர் முதலில், பிறகு மிக்சர், கடைசியில் கீபோர்டு. இது மைக் செட்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். அவர்களிலும் பலர் விட்டுவிடுவது இடைவெளியை. கீபோர்டு முழுதாக ஏறி, திரையில் சவுண்டு பெயர் வந்த பிறகுதான் மிக்சர். மிக்சர் போட்டு ஐந்தாறு நொடி கழித்துத்தான் ஸ்பீக்கர். கணக்குப் பிடித்தவர்களுக்கு: 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 10 கிலோ ஓம் வழியாக நிரம்பினால் கால அளவு 0.1 நொடி, ஏறக்குறைய முழுதாக நிலைபெற அதைப்போல ஐந்து மடங்கு, அரை நொடி. சில சர்க்யூட்களில் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் பெரிதாக இருந்தால் அது பத்து நொடியைத் தொடும்.

அணைக்கும்போது இடைவெளி இன்னும் முக்கியம். ஆம்ப்பின் ஸ்விட்சை அணைத்த உடனே அது செத்துவிடுவதில்லை. உள்ளே இருக்கும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்கள் பிடித்துவைத்த மின்சாரத்தில் சில ஆம்ப்கள் பல நொடிகள் பாடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கீபோர்டை அணைத்தால் ‘டம்’ கட்டாயம் வரும். எனவே ஸ்பீக்கரை அணைத்து ஒரு கால் நிமிடம் கேபிள் சுருட்டுங்கள், அப்புறம் மிக்சரையும் கீபோர்டையும் தொடுங்கள்.

இப்போது நான் அதிகம் பார்க்கும் காட்சிக்கு வருகிறேன். ஸ்பீக்கர் இரண்டும் சுவரில் உயரமாக இருக்கும், ஸ்விட்ச் அதன் முதுகில். ஏணி போட்டு யார் ஏறுவது? அதனால் ஸ்பீக்கர் ஸ்விட்ச் எப்போதும் ஆனிலேயே கிடக்கும். கீபோர்டு, மிக்சர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போய்ச் சேரும். பூசை முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து சுவர் ஸ்விட்சைப் பட்டென்று தட்டுவார். எல்லாம் ஒரே நேரத்தில் அணையும். ஆனால் கீபோர்டு முதலில் சாகும், ஸ்பீக்கர் கடைசியில் சாகும். உங்கள் சர்ச்சிலும் இதுதான் நடக்கிறது என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் ‘ஆஃப் செய்தால் பெரிதாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குத் தீர்வு எலக்ட்ரீஷியனின் அரை நாள் வேலை: ஸ்பீக்கர் இரண்டுக்கும் தனி லைன் இழுத்து, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் வைக்கச் சொல்லுங்கள். அதன் மேல் ‘கடைசியில் ஆன், முதலில் ஆஃப்’ என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். ஏனென்றால் அணைப்பது எப்போதும் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

கரண்ட் போவதை மட்டும் எந்த ஒழுங்கும் கட்டுப்படுத்தாது. ஏற்காட்டில் கோடை மழையோடு இடி இறங்கும் மாலைகளில் இது உங்களுக்குப் புதிதல்ல. போகும்போது ஒரு ‘டம்’, வரும்போது ஒரு ‘டப்’, அதுவும் நடுப்பாட்டில். இதற்கு நான் சொல்லும் வழி: கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி, கீபோர்டுகளையும் மிக்சரையும் மட்டும் அதில் மாட்டுங்கள். ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். கரண்ட் போனால் ஸ்பீக்கர் தானாக முதலில் அணைகிறது, கீபோர்டும் மிக்சரும் உயிரோடு இருக்கின்றன. கரண்ட் வந்தால் ஏற்கெனவே நிலையாக இருக்கும் கருவிகளுக்குப் பின்னால் ஸ்பீக்கர் விழிக்கிறது. நாம் கையால் செய்ய வேண்டிய வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. கீபோர்டு மறுபடி பூட் ஆகக் காத்திருக்கும் அவஸ்தையும் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: மலிவான யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது கொடுப்பது சுத்தமான சைன் அலை அல்ல. போன் சார்ஜர் மாதிரி இலேசாக இருக்கும் எஸ்எம்பிஎஸ் அடாப்டர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் உள்ள பழைய கருவி அதில் உறுமலாம். உறுமினால் வாசிப்பை முடித்து அணைத்துவிடுங்கள்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றால், இந்தச் சத்தத்துக்கு வேண்டாம். அது மின்னழுத்தம் ஏறி இறங்குவதைச் சரி செய்யும் கருவி. ஆன் ஆகும்போது கீபோர்டுக்குள் நடப்பதை அதனால் தொட முடியாது. ரிலே வகை ஸ்டெபிலைசராக இருந்தால் ஒவ்வொரு தடவை அது படி மாறும்போதும் ஒரு ‘டக்’ கூடுதலாகச் சேரலாம். விசைத்தறி ஓடும் தெருக்களில் கச்சேரி வைப்பவர்களுக்கு வேறு காரணத்துக்காக அது தேவைப்படலாம், உங்களுக்கு இல்லை.

எர்த் என்று சொன்னவர் வேறொரு சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் சொன்னதைத் தூக்கிப் போட வேண்டாம். எஸ்எம்பிஎஸ் சப்ளைகளில் மின் இரைச்சலை வடிக்கச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாத இடத்தில் அவற்றின் வழியாகக் கருவியின் உலோக உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, விரல் நுனியில் ஒரு சுரசுரப்பு தெரியும். அந்த நிலையில் ஜாக்கைச் செருகினால், மிதந்த மின்னழுத்தம் மிக்சர் உள்ளீட்டில் இறங்கும்போது பெரிய ‘டக்’ வரும். சில சமயம் உள்ளீட்டு ஐசியையும் கொண்டுபோய்விடும். ஆகவே கேபிள் செருகும்போதும் பிடுங்கும்போதும் சேனல் ம்யூட்டில் இருக்கட்டும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சுரசுரப்பு இல்லாமல் நிஜமாகவே ஷாக் அடித்தால், அது நான் சொல்லும் விஷயம் அல்ல. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை எதையும் தொடாதீர்கள்.

ஸ்பீக்கர் போய்விடுமா? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியதும் கூடாததும் இருக்கின்றன. ஒருமுறை ‘டப்’ என்றதால் பன்னிரண்டு, பதினைந்து இன்ச் ஊஃபர் எரிந்துபோகாது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) எரிய வேண்டுமானால் அதிக மின்சாரம் சிறிது நேரமாவது ஓட வேண்டும், இது அதற்கு மிகக் குட்டையான நேரம். கோன் மட்டும் ஒரு குதி குதிக்கும். இப்போதைய பவர்டு ஸ்பீக்கர்கள் பலவற்றில் சிக்னல் எல்லை மீறாமல் பிடிக்கும் லிமிட்டரும், ஆன் ஆகும்போது தாமதமாகத் திறக்கும் பாதுகாப்பும் உண்டு. மறுபக்கம், வால்யூம் முழுதாக வைத்த ஸ்பீக்கரில் வாரம் தவறாமல் இது நடந்தால் என்ன ஆகும்? கோனின் விளிம்பும் சஸ்பென்ஷனும் அதனால் சீக்கிரம் தளருமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஸ்பீக்கரைவிட எனக்குக் கவலை காதுதான். இயர்போன் மாட்டி மானிட்டர் கேட்பவர்கள் இருந்தால், எல்லாம் ஆன் ஆன பிறகே காதில் வைக்கட்டும், கழற்றிய பிறகே அணைக்கட்டும். காது போனால் மாற்ற ஸ்பேர் கிடையாது.

உங்கள் கீபோர்டுக்கு இதனால் கெடுதல் இல்லை. சத்தம் அதிலிருந்து வெளியே போகிறதே தவிர, அதற்குள் எதுவும் உடைவதில்லை. அணைத்த மறுநொடியே ஆன் செய்வதும், ‘சேவ்’ ஆகிக்கொண்டிருக்கும்போது அணைப்பதும்தான் அதற்கு ஆகாதவை.

இனி அந்தப் பழைய அனலாக் சின்த். இதில் மட்டும் பழுது இருக்க வாய்ப்பு உண்டு. அனலாக் மட்டுமல்ல, 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7, 1988-ல் வந்த கோர்க் எம்1 போன்ற பழைய டிஜிட்டல் சின்த்களும் இன்னும் மேடையில் இருக்கின்றன. மாற்றப்படாமல் இருந்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களுக்கும் (உள்ளே ஈரக் கலவை உள்ள வகை) அதே வயதுதான். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சேலத்து வெயிலில் டெம்போவுக்குள் கிடந்த சின்த் அந்த வகையில் பாவப்பட்டது. மலைமேல் குளிர்ச்சி கெபாசிட்டருக்கு நல்லது, ஆனால் பனியும் ஈரமும் ஜாக்கையும் திருகுகளையும் பிடிக்கும். திருகைத் திருப்பும்போது கரகரவென்று கேட்பது அந்த வகை. ஆன் செய்யும்போது வரும் ஒற்றை ‘டப்’போடு அதைச் சேர்க்காதீர்கள்.

பழுதா இல்லையா என்று நீங்களே பார்க்கலாம். சாதாரண மல்டிமீட்டர் போதும். சின்த்தின் அவுட்புட்டில் ஒரு கேபிளைச் செருகுங்கள், மறுமுனையை மிக்சரில் செருகாமல் மேசையில் வையுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஜாக்கின் நுனியிலும் கறுப்பு முனையை அதன் உடலிலும் பிடித்துக்கொண்டு சின்த்தை ஆன் செய்யச் சொல்லுங்கள். எண் ஒரு தாவல் தாவும், பிறகு இறங்கும். சில நொடிகளில் சில மில்லிவோல்ட்டுக்குள் வந்து நின்றால் எல்லாம் நலம், அது பிறவிக் குணம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று அங்கேயே நின்றுவிட்டால் வெளியீட்டுக் கெபாசிட்டர் கசிகிறது, அல்லது அந்த ஐசி போய்க்கொண்டிருக்கிறது. முன்பு இல்லாத சத்தம் இப்போதுதான் வருகிறது என்றாலும், போன வருடத்தைவிட இந்த வருடம் பெரிதாகிவிட்டது என்றாலும், மீட்டர் நல்லபடியாகக் காட்டினாலும்கூட ம்யூட் சர்க்யூட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். அதில் தாமதத்தைக் கொடுக்கும் சின்ன கெபாசிட்டர் காய்ந்துபோனால், ம்யூட் சீக்கிரமே திறந்துவிடும். பொருளின் விலை சில ரூபாய்தான். போர்டைக் கெடுக்காமல் கழற்றி மாட்டுவதற்குத்தான் கூலி.

கடையில் விற்கும் சாமான்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பவர் சீக்வென்சர் என்று வருகிறது: ஒரு ஸ்விட்ச் தட்டினால் ஒவ்வொரு சாக்கெட்டாகத் தாமதித்து ஆன் செய்யும், அணைக்கும்போது தலைகீழாக அணைக்கும். கருவிகள் நிறைய இருக்கும் பெரிய அரங்குக்கு நல்லது. கரண்ட் போனால் அதுவும் கைவிரிக்கும் என்பதால் உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சின்த்துக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கும் ஆடியோ வால்யூம் பெடல் எளிய வழி; குதிகால் பக்கம் அழுத்திவிட்டால் எதுவும் போகாது. எக்ஸ்பிரஷன் பெடல் வேறு, அதை வாங்கி ஏமாறாதீர்கள். அது கீபோர்டுக்குக் கட்டளைதான் அனுப்பும். கீபோர்டின் சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிதான் டிஐ பாக்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் வகை தாவலின் அடிப்பகுதியைக் கொஞ்சம் மழுக்கும், முழுதாக நிறுத்தாது. ஆக்டிவ் டிஐயாக இருந்தால் மிக்சரில் 48 வோல்ட் ஃபேன்டமை (மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் சப்ளை) போடும்போது அதுவே தனியாக ஒரு ‘டப்’ கொடுக்கும், அதனால் சேனலை ம்யூட் செய்துவிட்டுப் போடுங்கள். சின்த்துக்குள்ளேயே ரிலே வைத்து ம்யூட் சேர்க்கவும் முடியும், நான் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் பழைய சின்த்தின் மதிப்பு அது மாறாமல் இருப்பதில்தான் இருக்கிறது. சின்ன ‘டப்’புக்காக அதைத் துளைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

முதலில் வரும் ஞாயிற்றுக்கிழமை வரிசையையும் இடைவெளியையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். வொர்க்ஸ்டேஷன் சத்தம் அதோடு ஒழிந்துவிடும். சின்த் மட்டும் மீட்டர் சோதனையில் தேறவில்லை என்றால், பழுது பார்க்கக் கீழே கொண்டுவரும்போது அதன் அடாப்டரையும் நீங்கள் வழக்கமாகப் போடும் கேபிளையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். வெறும் சின்த்தை மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிக்கொண்டு வந்து, கடை அடாப்டரில் போட்டால் சத்தமே இல்லை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு.